இருநூற்றுப் பதினெட்டாம் எண்

ஐந்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த நுரையீரல் புற்றுநோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்களை டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, சிகிச்சையில் கட்டி எவ்வளவு சுருங்கியது என்று அளந்து குறித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்கு வரும் படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

இருநூற்றுப் பதினெட்டில் இடப்பக்க விலா எலும்பு ஒன்று முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. சின்ன வயதில் இவர் விளையாட்டாகத் தள்ளிவிட, மாடிப்படியில் உருண்ட அக்காவுக்கு அப்படித்தான் சேர்ந்தது. அக்காவின் படங்கள் இவருக்கு மனப்பாடம். அக்கா இதே நோயில் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தப் படத்தின் தேதி போன மார்ச். கட்டி பாதியாகக் குறைந்திருந்தது.

படத்தை அனுப்பிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். ஸ்கேன் டெக்னீஷியன் பேசினார்.

“இருநூத்திப் பதினெட்டாம் நம்பர் படத்துல தேதி தப்பா விழுந்திருக்கா?”

“இல்ல மேடம், நான்தான் எடுத்தேன். ஆறு மாசத்துக்கு ஒருதடவை தவறாம வர்றாங்க. வாய் ஓயாது. மூச்சை அடக்க வைக்கிறதுக்குள்ள நமக்கு மூச்சு வாங்கிடும்.”

அக்கா அப்படித்தான். டெக்னீஷியனே தொடர்ந்தார்.

“அடுத்த ஸ்கேன் வியாழக்கிழமை. தனியா வராதீங்கன்னு சொல்லியிருக்கேன். இந்தத் தடவை தங்கச்சியைக் கூட்டிட்டு வர்றேன்னாங்க.”

போனை வைத்த டாக்டரம்மா, கட்டியின் அளவை மில்லிமீட்டரில் குறித்தார். பிறகு வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தார்.