ஒரு சாண் சுவர்

கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் வீடுகளின் சந்து இது, ஆம்புலன்ஸ் நுழையாது. எதிர்வீட்டு அக்காவை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருகிறார்கள். ஒரு சாண்தானே என்று வாஷிங் மெஷினுக்காக நான் வெளியே இழுத்துக் கட்டிய சுவரில் அது முட்டி நிற்கிறது. உள்ளே மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நிற்கிறேன். உப்புக்காற்றில் போர்வை படபடக்கிறது. அக்காவின் கணவர் ஸ்ட்ரெச்சரை ஒருபக்கமாகச் சாய்க்கிறார். நெஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்து, ஸ்ட்ரெச்சர் கம்பிக்கும் என் சுவருக்கும் நடுவே கொடுக்கிறார் அக்கா. “மெதுவாங்க,” என்று முனகுகிறார். “போன வாரம்தான் தம்பி பெயிண்ட் அடிச்சுது.”