ஆளுக்கு ஒரு ஆப்பிள்

"ஏன்னா, காமுவோட டீச்சரை எந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேப்பரும் கையுமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த வாஞ்சிநாதனுக்குப் புரையேறியது.

"மிசஸ் கெல்லரையா? நேத்திக்குக்கூட கடையில பார்த்தேனே! யார் சொன்னா உனக்கு?"

"யாராவது சொல்லணுமாக்கும்? நாளைக்கு ஸ்கூலுக்கு ஆளுக்கு ஒரு ஆப்பிள் கொண்டுவரச் சொல்லியிருக்கா. பதினெட்டு குழந்தைகள், பதினெட்டு ஆப்பிள். மனுஷா எதுக்கு ஆப்பிள் வாங்குவா? ஆஸ்பத்திரிக்குத்தானே!"

விசாலாக்ஷி கும்பகோணத்திலிருந்து அமெரிக்காவில் இருக்கும் பிஸ்கட்டவேக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கும்பகோணத்தில் இருந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் முழு ஆப்பிள் தின்றது இரண்டே தடவை. டைபாய்டில் படுத்தபோது ஒன்று, காமு பிறந்தபோது ஒன்று.

"அடியே, இது அக்டோபர் மாசம். இந்த ஊர்ல ஆப்பிள் கொட்டற சீசன். நர்சரி ஸ்கூல்ல இந்த வாரம் பூரா ஆப்பிள் பாடம். சிவப்பு, பச்சை, மஞ்சள்னு பிரிச்சு வைப்பா. எண்ணுவா. தண்ணியில போட்டு மிதக்கறதா முங்கறதான்னு பார்ப்பா. குறுக்கால வெட்டினா நடுவுல நட்சத்திரம் மாதிரி தெரியும், அதைக் காட்டுவா. கடைசியில வெட்டின பாதியைப் பெயின்ட்ல தோய்ச்சு பேப்பர்ல அச்சு குத்துவா."

"திங்கற பழத்தையா? பெயின்ட்லயா? யார் காதுல பூ சுத்தறேள்?"

"காமு, நீயே சொல்லேன்டி உங்கம்மாவுக்கு."

கார்ப்பெட்டில் படுத்துக் கிறுக்கிக்கொண்டிருந்த நாலு வயசு காமு தலையைத் தூக்காமலே, "மிஸ்கிட்ட குடுக்கணும்" என்றாள்.

"கேட்டேளா? அவகிட்டதான் குடுக்கணுமாம்! நானும் பார்த்துண்டுதான் இருக்கேன். ஒரு வாரமா அந்தப் பொண்ணு முகமே வெளுத்துப் போய்க் கிடக்கு."

"வெள்ளைக்காரி வெளுக்காம? கறுத்தாத்தான்டி கவலைப்படணும்!"

விசாலாக்ஷி சிரிக்கவில்லை. "இன்னும் ஆஸ்பத்திரியில சேரலேன்னா ஆத்துலதான் படுத்துண்டிருப்பா. அடுத்த தெருதானே? ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

வாஞ்சிநாதன் பேப்பரைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தான். காரணம், மிசஸ் கெல்லரின் புருஷன் பாப் கெல்லர்தான் மருந்து கம்பெனி லேபில் அவனுக்கு மேலதிகாரி. க்ரீன் கார்டுக்குக் கம்பெனி தர வேண்டிய லெட்டர் டைப் அடித்து வீட்டிலேயே அவன் பெட்டியில் தயாராக இருந்தது. வேண்டியது பாப்பின் கையெழுத்து ஒன்றுதான். "திங்கட்கிழமை பார்க்கலாம், வான்" என்று, அவன் பேரைப் பாதியாக வெட்டி, மூன்று திங்கட்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விசா டிசம்பரோடு முடிகிறது. கையெழுத்து விழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"விசாலம், அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமைன்னா ஃபுட்பால் பார்த்துண்டிருப்பான். போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர் மேட்ச் நடுவுல போய்க் கதவைத் தட்டினார். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவரோட பேசலை. ஒரு போனாவது பண்ணிட்டு..."

"உடம்பு முடியாதவாளைப் பார்க்க டயம் கேட்டுண்டு போவாளோ? நீங்க வரலேன்னா இருங்கோ. காமு, வாடி!"

ஆறு ஆப்பிளும், மெட்ராஸிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஏற்கெனவே பைக்குள் ஏறியிருந்தன. வாஞ்சிநாதன் ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் பின்னால் ஓடினான். தெரு பூராவும் கெஞ்சினான். கெல்லர் வீட்டு வாசலிலும் கெஞ்சினான்.

"உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். ஹலோ சொல்லு, ஆப்பிளைக் குடு, திரும்பிடலாம். உடம்பு கிடம்புன்னு வாயைத் திறந்துடாதே. நாளைக்குக் கையெழுத்து வாங்கணும் நான்!"

விசாலாக்ஷி பெல்லை அழுத்தினாள்.

உள்ளே ஃபுட்பால் இரைச்சல். அதற்கு மேலே பாப்பின் குரல் உறுமியது. "யார் அது, மேட்ச் நேரத்தில்?"

கதவைத் திறந்தது மிசஸ் கெல்லர். நின்றுகொண்டுதான் இருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ, மிசஸ் கெல்லர்," என்று வாஞ்சிநாதன் முந்திக்கொண்டான். "நாளைக்கு ஆப்பிள் பாடத்துக்காக..."

அவன் முடிப்பதற்குள் விசாலாக்ஷி பையை அவள் கையில் திணித்து, தோளைத் தடவிக்கொடுத்து, தெரிந்த இங்கிலீஷ் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

"மேடம், டோன்ட் ஸ்டாண்ட். டேக் ரெஸ்ட். மார்னிங் ஒன் ஹார்லிக்ஸ், நைட் ஒன் ஹார்லிக்ஸ். நோ ஃபியர். எவ்ரிதிங் குட்!"

வாஞ்சிநாதன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் அந்த லெட்டர் சுக்குநூறாகக் கிழிந்து பறப்பது தெரிந்தது.

கண்ணைத் திறந்தால், மிசஸ் கெல்லர் ஆப்பிள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விசாலாக்ஷியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றாள், தழுதழுத்த குரலில். "கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான்... டாக்டரே வெள்ளிக்கிழமைதான் நிச்சயமாச் சொன்னார். பாப்கிட்டகூட நான் இன்னும் சொல்லலையே!"

உள்ளே ஃபுட்பால் இரைச்சல் சட்டென்று நின்றது. வெறுங்காலோடு ஓடிவந்த பாப் கெல்லர், மனைவியை ஒரு கையாலும் வாஞ்சிநாதனை மறு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எனக்கே தெரியாத விஷயம் உனக்குத் தெரிஞ்சும் லேபில் ஒரு வார்த்தை மூச்சு விடலையே, வான்! ஓடு, அந்த லெட்டரை எடுத்துண்டு வா, பேனா என்கிட்ட இருக்கு!" என்றார்.