கறுப்புக் கவர்

வளர்ப்பு நாய் கோகோ நடைபாதையில் முக்கி முடித்ததும், பரமசிவம் குனிந்து அதைக் கறுப்புக் கவரில் அள்ளி இறுக முடிந்தார். தெருவை நாறடிக்கும் நாய்க்காரர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

திருப்பத்தில் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மா வந்தாள். வண்டியில் போடட்டுமென்று கவரை நீட்டினார். நேற்று, மகளின் பிறந்தநாளுக்கு, இதே மாதிரிக் கவரில்தான் அவளுக்குப் பொங்கல் கொடுத்திருந்தார். மூக்கை மூடித் துணி கட்டியிருந்தவள், முந்தானையில் கை துடைத்து, இரு கைகளாலும் வாங்கினாள்.

“இன்னிக்குமா சார்? சூடு கூட ஆறல. நல்லாருப்பீங்க.”

கவரைக் கைப்பிடியில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். பரமசிவம் வாயைத் திறந்தார்.

“உங்களுக்குப் பெரிய மனசு சார்” என்றார் எதிர்வீட்டுக்காரர், கேட்டில் சாய்ந்தபடி.

பரமசிவம் சிரித்தார்.

“ஆறுறதுக்குள்ள சாப்ட்டுரும்மா.”