விரலுக்கு வந்த அப்டேட்

ஸ்ப்ரெட்ஷீட் கம்பெனிக்காரர்கள் கீபோர்டு ஷார்ட்கட்டுகளை மாற்றும்போதெல்லாம் அதிகம் கத்தியவள் பெர்சிஸ்தான். அவள் வாயை அடைக்க, இந்த முறை புது ஷார்ட்கட்டுகளை அவள் விரல்களிலேயே ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு ஆபீசில் அவள் கை ஒருதரம்கூடத் தடுமாறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். மகள் அனிலாவுக்குக் காது கேட்காது. இரண்டு விரல்களை மடக்கிக் கன்னத்தைத் தொட்டால், சைகையில் அதுதான் அவள் பெயர். மகளைக் கூப்பிடக் கையைத் தூக்கியபோது, பெர்சிஸின் விரல்கள் மடங்காமல் வேறெதையோ காட்டின.

கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

"எம் பொண்ணு பேரு எங்கய்யா போச்சு?"

"அந்த அசைவு புது ஷார்ட்கட்டோட இடிச்சுது மேடம், எடுத்துட்டோம். பாப்பாவுக்கு வேற பேர் வச்சுக்கங்களேன்."

போனை வீசிவிட்டு மறுபடி கையைத் தூக்கினாள். அம்மா வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து, அனிலா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.