இரண்டாவது சைக்கிள்

"ஞாயித்துக்கிழமை விடிஞ்சா எங்க வீட்டுக்காரரு சைக்கிள எடுத்துக்கிட்டு வாடிப்பட்டிப் பக்கம் போயிருறாரு டாக்டர். மலைய வரையப் போறாராம்," என்றாள் ஜெயக்கொடி.

"நல்ல பழக்கம்தானேம்மா?" என்றார் டாக்டர் கைலாசநாதன்.

"கேரியர்ல ஒரு கேன் பீரும் போகுது. பார்லிய ஊறவச்சு வீட்லயே காய்ச்சுறாரு. மதுவிலக்குப் போலீஸ்ல மாட்டுனா கவர்மென்ட் வேலை போயிரும். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"பார்லி கிட்னிக் கல்லுக்கு நல்லதும்மா."

அவள் கணவனின் பட நோட்டை மேஜையில் விரித்தாள். மலையடிவாரத்தில் இரண்டு டம்ளர், இரண்டு சைக்கிள். ஒன்று கணவனுடையது. மற்றதன் சீட்டில், சேலைத் துணியில் தைத்த மஞ்சள் பூப்போட்ட உறை.

"கூடப் போயி கெடுக்குறது யாருன்னுதான் தெரியல."

"விசாரிக்கிறேன்." டாக்டர் நோட்டை மூடிக் கொடுத்தார்.

வெளியே வந்தவள், வாசலில் நின்ற சைக்கிளில் சாய்ந்து செருப்பை மாட்டினாள்.

"டாக்டர் சைக்கிள்மா, சாஞ்சுராதீக," என்றார் கம்பவுண்டர்.

சீட்டில் அதே மஞ்சள் பூ உறை. ஜெயக்கொடி மறுபடி உள்ளே போனாள்.

"டாக்டர், உங்க வீட்டம்மா இந்த நோட்டுல இருக்குற படமெல்லாம் பாப்பாகளா?"

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார்: 'பார்லி அறவே கூடாது.'

"ரெண்டு பேருக்கும்னு எழுதுங்க," என்றாள்.