எல்லா ராடுக்கும் திருநீறு

பிராங்க்ளின் மதம் மாறிவிட்டான் என்று கம்பெனி முழுக்க ஒரே பேச்சு.

பின்னே? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள், பிள்ளையார் பூஜைத் தட்டிலிருந்து திருநீற்றை அள்ளி அள்ளிப் பூசினால் பேசமாட்டார்களா? அதுவும் தன் நெற்றியில் இல்லை. கன்ராடுக்கு!

கன்ராடு என்பது டீசல் இன்ஜினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் இரும்புக் கை. பொக்லைன் மாதிரி பெரிய வண்டிகளுக்கு அதைச் செய்து அனுப்புவதுதான் ஆண்டியப்பனின் தொழில். புதுக்கோட்டையைத் தாண்டி, திருச்சி ரோட்டில் கம்பெனி. செய்த ராடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை பிராங்க்ளினுக்கு.

லோடு கிளம்பும்போதெல்லாம் அங்கே பூஜை உண்டு. ஏதாவது ஒரு ராடுக்கு மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்ட பிறகுதான் பெட்டியை மூடுவார்கள்.

பட்டை போடுவது வாட்ச்மேன் திருப்பதி. முன்பு பொக்லைன் ஓட்டியவன். இன்ஜினில் சத்தம் சரியில்லையே என்று மூடியைத் திறந்து பார்த்த நேரத்தில் கன்ராடு உடைந்து இன்ஜினைப் பொத்துக்கொண்டு வந்தது. கொதிக்கிற ஆயில் பீய்ச்சியடித்து இடது கை வெந்து போனது. உடைந்தது இந்தக் கம்பெனி ராடுதான். ஆண்டியப்பன் அவனைக் கூப்பிட்டு வாசலில் வேலை போட்டுக் கொடுத்தார்.

"இந்த மனசு யாருக்கு வரும்?" என்று ஊரே சொன்னது. திருப்பதியும் சொன்னான்.

"என்ன தம்பி, நம்ம பக்கம் வந்துட்டீங்களாமே?"

ஆண்டியப்பன் ஷெட்டுக்குள் வந்தார். நெற்றி நிறையப் பட்டை, முகம் நிறையச் சிரிப்பு.

"அது வந்து சார்... வெடிப்புப் பாக்குற ஸ்ப்ரே தீந்து ரொம்ப நாளாச்சு. கேட்டுக்கிட்டே இருக்கேன்..."

"திரும்பவும் ஸ்ப்ரேயா? சாமி பாக்காத வெடிப்பையா தம்பி ஒங்க ஸ்ப்ரே பாத்துரப் போவுது?"

"அதுக்கில்ல சார். போன லோடுல திருப்பதி அண்ணன் துன்னூறு பூசுனப்ப..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரியுது. இந்தக் காலத்துல யாருக்கு இந்தப் பக்தி வரும்?" பிராங்க்ளினின் தோளில் தட்டினார். "நாளைக்கு பொன்னமராவதி குவாரிக்கு லோடு போவுது. ஒண்ணு ரெண்டு எதுக்கு? எல்லா ராடுக்கும் பூசி விடுங்க!"

பிராங்க்ளின் பூசினான்.

மறுநாள் காலை ஆண்டியப்பன் பூஜைக்கு வந்தபோது ராடுகள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. ஒரு வரிசை பளிச்சென்று வெள்ளை. இன்னொரு வரிசையில் வெள்ளைக்கு நடுவே மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு.

"என்ன தம்பி இது?"

"வெடிப்பு சார். டீசல்ல கழுவித் தொடச்சுட்டு வெள்ளைப் பொடி பூசணும். வெடிப்புக்குள்ள நிக்கிற டீசல் ஊறி வந்து கோடாக் காட்டிக் குடுத்துரும். ஸ்ப்ரே இல்லாததாலதான் துன்னூறு பூசுனேன். வெள்ளையா இருந்தாத்தான் கோடு தெரியும்."

ஆண்டியப்பன் சிரிப்பை எங்கோ தொலைத்துவிட்டார்.

"நீங்கதான சார் சொன்னீங்க, சாமி பாக்கும்னு? பாத்துருச்சு."

தட்டோடு வந்த திருப்பதி எட்டிப் பார்த்தான். கோட்டைப் பார்த்ததும் வெந்த கை தானாகத் துண்டுக்குள் போனது.

"மொதலாளி... அந்தக் குவாரியிலதான் எந்தம்பி மூக்கன் பொக்லைன் ஓட்டுறான்."

வாசலில் லோடு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஆண்டியப்பன் கோடு விழுந்த ராடு ஒன்றைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கோடு மறைந்துவிட்டது. விரலில் ஒட்டிய திருநீற்றை வீணாக்க மனமில்லாமல் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் நல்லாத் தொடச்சுப் பெட்டியில அடுக்குங்க. லோடு போயாகணும்."

"சார், இது ஒடையும் சார்! தெரிஞ்சே அனுப்பலாமா?"

"தெரிய வச்சது யாரு?"

ஆண்டியப்பன் தேய்த்த ராடைப் பெட்டிக்குள் வைத்தார்.

"தம்பி, நீங்க சர்ச்சுக்குப் போற ஆளு. எங்க சாமி விஷயத்துல ஒங்களுக்கு என்ன வேலை? பூஜைத் தட்டத் தொடுறதுக்கு ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? இனிமே அது பக்கம் கையக் கொண்டுபோனீங்க, வேலையில இருக்க மாட்டீங்க."

நேற்று பக்தி என்று புகழ்ந்த அதே வாய்தான். பிராங்க்ளின் திருப்பதியைப் பார்த்தான். திருப்பதி முதலாளியைப் பார்த்தான். துடைத்த ராடுகள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஆண்டியப்பன் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு திருப்பதியின் பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"இன்னையிலேர்ந்து தட்டுல துன்னூறு வைக்காதப்பா. குங்குமம் மட்டும் போதும்."