கோழிக்குக் கால் ஏக்கர்

“இருக்குறதே ஒரு ஏக்கர். அதுல கால் ஏக்கர் கோழிக்கா? மூலையில ரெண்டு சென்ட் போதாதா?” என்றான் அவன், வரப்பில் நின்றபடி.

“நூறு கோழியை நெருக்கி அடைச்சா ஒண்ணையொண்ணு கொத்திக்கும். கால் ஏக்கரை நாலாப் பிரிச்சு, மாத்தி மாத்தி மேய விடணும். மேஞ்ச இடம் ஆறட்டும்” என்றாள் அவள்.

“அப்ப என் காய்கறி எங்க போறது?”

“மிச்சம் முக்கால் ஏக்கர் இருக்கே. கோழி எருவும் சும்மா கிடைக்கும்.”

அவன் நிலத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். “கணக்கு சரியாத்தான் இருக்கு.”

தரகர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “தப்பா நினைக்காதீங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டேன். யார் வாங்கப்போறீங்க?”

“தனியா வாங்க எனக்கும் வசதியில்ல, இவருக்கும் இல்ல. சேர்ந்தே வாங்குறோம்” என்றாள் அவள்.

அவன் தலையாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“பத்திரத்துல எழுதணும். உங்க பேரு என்னங்க?”